எடோவைப் பார்க்க டோக்கியோவை விட்டு வெளியே வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் டோக்கியோ பயணம் பற்றிய ஒரு பதிலின் கடைசி வரியில், "ஒரு நாள் மிச்சமிருந்தால் கவகோயே போய்விட்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. அந்த ஊருக்குப் போகும் தோபு தோஜோ ரயில் பாதையில் குடியிருப்பவள் நான். கொஞ்சம் பட்சபாதம் இருக்கத்தான் செய்யும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் எங்களுக்கு மொத்தமே நான்கு நாள். அதில் ஒன்றைப் புறநகர் ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களே, நியாயமா?

பதில்: நியாயம்தான். கவகோயே, சைதாமா மாகாணத்தில், டோக்கியோ மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கிறது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். காலையில் ஏராளமானோர் ரயிலேறித் தலைநகருக்கு வேலைக்குப் போகிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேரங்காடியும் அடுக்குமாடியும்தான் கண்ணில் படும். "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று வீட்டுக்காரர் முறைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1868 வரை டோக்கியோவின் பெயர் எடோ. மரத்தால் ஆன அந்த நகரத்தை அடுத்தடுத்து வந்த தீ விபத்துகளும், 1923 நிலநடுக்கமும், 1945 குண்டுவீச்சும் துடைத்தெடுத்துவிட்டன. அசகுசாவில் எல்லோரும் முண்டியடித்துப் பார்க்கும் சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் எழுப்பியது. எடோ கோட்டை இருந்த இடத்தில் அகழியும் கற்சுவர்களும் சில வாயில்களும் காவல் மாடங்களும் உண்டு. ஜப்பானை ஆண்ட ராணுவ ஆட்சியாளர்களான ஷோகுன்கள் வாழ்ந்த அரண்மனை அறை ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த அறைகளில் சில கவகோயேயில் இருக்கின்றன. உள்ளே நடக்கலாம். எப்படி அங்கே போயின என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: கவகோயே என்று வரைபடத்தில் தேடினால் மூன்று ரயில் நிலையங்கள் வருகின்றன. எதில் இறங்குவது?

பதில்: கவகோயே, கவகோயே-ஷி, ஹோன்-கவகோயே என்று மூன்று. பழைய தெருக்களுக்கு மிக அருகில் இருப்பது ஹோன்-கவகோயே. கால்மணி நேர நடை. செய்பு-ஷின்ஜுகு நிலையத்திலிருந்து அங்கே நேர் ரயில் உண்டு. அந்த நிலையம் பெரிய ஷின்ஜுகு நிலையத்துக்குள் இல்லை, சில நிமிடம் தள்ளித் தனியாக இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் 'கோஎடோ' சிறப்பு ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

மலிவாகவும் வேகமாகவும் போக இகேபுகுரோவிலிருந்து எங்கள் தோஜோ பாதைதான். விரைவு ரயிலில் அரைமணி, கட்டணம் 500 யென் அளவில். கவகோயே நிலையத்தில் இறங்கிக் கடைத்தெரு வழியாகச் சற்றுக் கூடுதலாக நடக்க வேண்டும். ஜப்பான் ரயில்வே குழுமத்தின் ஜேஆர் பாஸ் கையில் இருப்பவர்கள் ஷின்ஜுகுவிலிருந்து ஜேஆர் ரயிலிலேயே ஒரு மணி நேரத்தில் வரலாம்; தோபு, செய்பு ரயில்களில் அந்தப் பாஸ் செல்லாது.

கேள்வி: படங்களில் பார்க்கும் அந்தக் கறுப்பு வீடுகள் உண்மையிலேயே பழையவையா, சுற்றுலாவுக்காகக் கட்டிய ஜோடனையா?

பதில்: உண்மையானவை. ஆனால் பெரும்பாலானவை நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பழையவை அல்ல. 1893இல் ஒரு பெருந்தீ ஊரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கியது. தீ அடங்கியபின் வணிகர்கள் சாம்பலில் நின்று சுற்றிலும் பார்த்தபோது, தப்பி நின்றவற்றில் ஒன்று 1792இல் கட்டிய ஒசாவா வீடு. அது களிமண் பூசிய கிடங்குப் பாணிக் கட்டடம். இன்றும் அதே தெருவில் நிற்கிறது. கையில் காசு இருந்தவர்கள், மீண்டும் கட்டினால் இப்படித்தான் என்று முடிவெடுத்தார்கள். ஷிங்காஷி ஆற்றில் படகு விட்டுத் தலைநகருக்குத் தானியம் அனுப்பிச் சம்பாதித்த ஊர் அது, காசு இருந்தது.

போனால் கடைப் பொருள்களைப் பார்ப்பதற்கு முன் மாடி ஜன்னலின் கதவை நிமிர்ந்து பாருங்கள். சாதாரணக் கதவு அல்ல அது. ஒரு சாண் கனத்துக்கு மண்ணும் சுண்ணாம்பும் ஏற்றிய பலகை. அதன் ஓரம் படிக்கட்டு மாதிரி மூன்று நான்கு அடுக்காக வெட்டப்பட்டிருக்கும். எதிர்க்கதவின் ஓரத்திலும் அதே படிகள், தலைகீழாக. மூடினால் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். தீப்பொறி நுழைய வழி கிடையாது. அந்தப் படிகளைத் துல்லியமாகப் பூசுவதற்குக் கொத்தனாருக்கு என்ன பொறுமை வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன். சுவரின் கறுப்பும் வெறும் வண்ணப்பூச்சு அல்ல. கரி கலந்த சுண்ணாம்பைப் பூசி மெருகேற்றியது. மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டு முகடு சில வீடுகளில் கீழே இருக்கும் கடையையே அழுத்திவிடும் போல் பெரிதாக இருக்கும். தீக்குப் பயந்து கட்டியது பாதி, பக்கத்துக் கடைக்காரருக்குக் காட்டக் கட்டியது மீதி என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வியாபாரம் ரயில் நிலையப் பக்கம் நகர்ந்துவிட, இந்தத் தெரு களையிழந்து கிடந்தது. இடித்துவிட்டு உயரமாகக் கட்டலாம் என்ற பேச்சும் வந்தது. 1983இல் ஊர்க்காரர்களே சங்கம் அமைத்துக் காப்பாற்றினார்கள். மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தார்கள். 1999இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கான தேசியப் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதி கிடைத்தது. தெருவின் அடையாளமான மணிக்கூண்டும் தீக்குப் பின் 1894இல் எழுப்பியதே. காலை 6, பகல் 12, மாலை 3, மாலை 6 என்று நாளுக்கு நான்கு முறை ஒலிக்கும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் பஸ்ஸும் காரும் ஓடுகின்றன. நடைபாதை மிகக் குறுகல். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனால் ஜன்னல் கதவைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கலாம். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் போங்கள். திங்களன்று 1848இல் கட்டிய கவகோயே கோட்டை மாளிகை போன்ற நகராட்சி இடங்கள் மூடியிருக்கும்.

கேள்வி: எழுபது வயது தாண்டிய அப்பா அம்மாவுடன் போகிறோம். எங்கே தொடங்குவது?

பதில்: எல்லோரும் தொடங்கும் கறுப்புத் தெருவில் தொடங்காதீர்கள். கால் தெம்பாக இருக்கும்போதே கிதாயின் கோயிலுக்குப் போய்விடுங்கள். ஊரைச் சுற்றும் சிறு பஸ்கள் நிலையத்திலிருந்தே கிளம்புகின்றன.

830இல் தோன்றிய கோயில் அது. 1638இல் எரிந்துபோனது. மூன்றாவது ஷோகுனான இயெமிட்சு, எடோ கோட்டை வளாகத்தில் இருந்த அரண்மனைப் பகுதி ஒன்றைப் பிரித்தெடுத்து இங்கே கொண்டுவந்து மீண்டும் பொருத்தச் சொன்னார். அவர் பிறந்த அறையும், அவரை வளர்த்த செவிலித்தாய் கசுகா சீமாட்டியின் ஒப்பனை அறையும் அப்படித்தான் கவகோயே வந்து சேர்ந்தன. தானம் கொடுத்ததால் தப்பித்தன. தலைநகரில் இருந்தவை பின்னால் எரிந்தன. பிறந்த அறையின் கூரையில் 81 மலர் ஓவியங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். குளிர்காலத்தில் மரத்தரை ஐஸ் போல் சில்லிடும், பெரியவர்களுக்குக் கனத்த காலுறை போட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும் நேரே வாயிலுக்குப் போய்விடாதீர்கள். வளாகத்திலேயே, மதிலுக்குள், 538 கல் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. புத்தரின் சீடர்களான அர்ஹத்துகள். 1782இல் தொடங்கி 1825 வரை செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ ஓதுகிறார், கேட்பவர் முகத்தில், "அப்படியா சங்கதி!" என்ற பாவம். ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், ஒருவர் சலித்துக் கன்னத்தில் கை வைத்திருக்கிறார். ஞானிகள் என்று சொன்னால்தான் தெரியும். நள்ளிரவில் வந்து இருட்டில் இவற்றின் தலைகளைத் தொட்டுக்கொண்டே போனால் ஒன்று மட்டும் சூடாக இருக்கும், விடிந்ததும் பார்த்தால் அது இறந்துபோன தாயோ தந்தையோ போலவே இருக்கும் என்று ஒரு பழங்கதை உண்டு. இரவில் கதவு பூட்டியிருக்கும் என்பதால் பகலில் முகம் தேடுவதே நமக்கு வாய்க்கும். உங்கள் அப்பா தன் பழைய மேலதிகாரியைக் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: இனிப்புக்குப் பஞ்சமில்லை, சாப்பாட்டுக்குத்தான். ஊரின் பெருமைக்குரிய உணவு விலாங்கு மீன். அது சுடும் வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். நூடுல்ஸ் குழம்பில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்த மீன் சாறு இருக்கும். மதியத்துக்குக் கைப்பொட்டலம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

மற்றபடி, இது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஊர். அக்காலத்தில் எடோவின் சுட்ட கிழங்குக் கடைகளுக்கு இங்கிருந்துதான் படகில் கிழங்கு போனது. ஊரைச் சுற்றிய மேட்டு நிலத்தில் உதிர்ந்த இலைகளை மக்க வைத்து உரமிடும் பழைய வேளாண் முறையை, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2023இல் உலக மரபு வேளாண்மைப் பட்டியலில் சேர்த்தது. மெல்லியதாகச் சீவிச் சுட்டுச் சர்க்கரை தடவிய கிழங்கு வில்லையை வாங்குங்கள். கிழங்கு ஐஸ்கிரீம் படத்துக்கு அழகு. ருசியில் வில்லைக்கு உறை போடக் காணாது. மிட்டாய்ச் சந்தில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கருஞ்சர்க்கரை பூசிய குச்சி ஒன்று விற்கிறார்கள். குழந்தைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடுத்தால் நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தான். எதை வாங்கினாலும் கடை வாசலில் நின்று தின்றுவிட்டு நடங்கள். குப்பைத் தொட்டி அரிது. ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டவர் கிமோனோ உடுத்திக்கொண்டு நடந்தால் தவறாக நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். வாடகைக்குக் கொடுத்து உடுத்தியும் விடும் கடைகள் நிறைய. ஒவ்வொரு மாதமும் 8, 18, 28 ஆகிய நாள்களில் கிமோனோ உடுத்தி வருபவர்களுக்குப் பல கடைகளில் சலுகை உண்டு. 28ஆம் தேதி என்றால் கிதாயினுக்குப் பக்கத்து நரிதாசான் கோயிலில் பழம்பொருள் சந்தையும் கூடும். நீளமாக எட்டு வைத்து நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் யோசித்து உடுத்துங்கள்.

கேள்வி: அக்டோபர் திருவிழாவுக்கே போய்விடலாமா?

பதில்: கூட்டம் பிடிக்கும் என்றால். மூன்றாம் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற விழா. உச்சியில் பொம்மை நிற்கும் தேர்கள் இரவில் தெருமுனையில் சந்திக்கும்போது ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கும். இரண்டிலும் குழலும் பறையும் முழங்கும். எதிர்த்தேரின் தாளத்தில் தடுமாறாமல் தன் தாளத்தைப் பிடித்துக்கொள்வதுதான் போட்டி. அதைப் பார்க்கலாம், அன்று கிதாயினையும் கறுப்பு வீடுகளையும் நிதானமாகப் பார்க்கலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.

கேள்வி: இரவு அங்கேயே தங்கலாமா?

பதில்: புகைப்படப் பைத்தியம் உள்ளவர்கள் தங்கலாம்; காலை ஒன்பதுக்கு முன் தெரு அவர்களுக்கே. மற்றவர்களுக்குத் தேவையில்லை. மாலை ஐந்து மணி சுமாருக்கே கடைகள் அடைக்கத் தொடங்கிவிடுகின்றன. திரும்புவது விடுமுறை நாள் மாலை என்றால், வந்து இறங்கியவுடனேயே ஹோன்-கவகோயேயில் சிறப்பு ரயிலுக்கு இருக்கை டிக்கெட் எடுத்துவிடுங்கள். பெரியவர்களை நிற்க வைத்து அழைத்துவர வேண்டாம்.