கேப்சூல் மாத்திரையின் ஓடு பிளாஸ்டிக்கா? கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் மருந்தை மட்டும் சாப்பிடலாமா?

கேள்வி கேட்டவர் வீட்டில் எல்லோரும் சைவமாம். அதனால் ஓட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாமா என்கிறார். மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் ஒரு மெடிக்கலில் பத்தொன்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் கவுண்டருக்கு வந்துவிடும்.

முதலில், அது பிளாஸ்டிக் இல்லை. பெரும்பாலும் ஜெலட்டின்தான். ராத்திரிக் கடையில் வாங்கிய ஆட்டுக்கால் பாயாவில் மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி உறைந்திருக்கும். அடுப்பில் காட்டினால் மறுபடி தண்ணீராக ஓடும். அப்படி உறைய வைப்பதுதான் ஜெலட்டின். மருந்துக்கு மாட்டெலும்பு, மாட்டுத்தோல், பன்றித்தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள். எலும்பென்றால் அமிலத்தில் ஊறவைத்து கால்சியத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதைச் சுண்ணாம்புக் கரைசலில் வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் வெந்நீரில் வடித்தெடுப்பார்கள். ஆக, சைவம் பார்ப்பவர்களின் சங்கடம் நியாயமானதுதான்.

இதைச் சொன்னபோது ஒரு கல்லூரித் தம்பி மடக்கினான்: "அதுக்கு எதுக்குண்ணே எலும்பு? ஜிகர்தண்டாவுல போடுற கடல்பாசியிலயே செய்யலாமே?" நல்ல கேள்வி. கடல்பாசி ஒரு தடவை உறைந்துவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நம் வயிற்றுச் சூடு 37 டிகிரி. ஜெலட்டின் அதற்குச் சற்றுக் கீழேயே இளகிவிடும். வெளியே விறைப்பாக இருக்கும், உள்ளே போன சில நிமிடங்களில் கரைந்துவிடும். 1846-ல் பாரிஸில் லெஹூபி என்ற மருந்தாளர் இந்த இரண்டு துண்டுக் கேப்சூலுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் முறை அதேதான். ஸ்டீல் ஊசிகளை ஜெலட்டின் கரைசலில் முக்கி, காயவைத்து, உருவி எடுப்பார்கள். நீளமானது உடல், குட்டையானது மூடி. அளவுக்கு நம்பர் உண்டு, ஆனால் தலைகீழ்க் கணக்கு. 5 பொடிசு, 1, 0 என்று இறங்க இறங்கப் பெரிதாகி, மூன்று சைபர் போட்டதுதான் இருப்பதிலேயே பெரிது.

சைவ ஓடும் இருக்கிறது. மரக்கூழ், பஞ்சு இவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹைப்ரோமெல்லோஸ், சுருக்கமாக ஹெச்பிஎம்சி. புல்லுலான் என்று இன்னொன்று, மாவுச்சத்தை ஒரு வகைப் பூஞ்சையால் நொதிக்க வைத்து எடுப்பது. ஜெலட்டின் ஓட்டில் 13 முதல் 16 சதவீதம் ஈரம் இருக்கும். ஹெச்பிஎம்சியில் அதில் பாதிகூட இருக்காது. ஈரம் ஆகாத மருந்துகளுக்கு அதுதான் சரி. ஆனால் விலை கூடுதல். அட்டையில் 'ஈச் ஹார்டு ஜெலட்டின் கேப்சூல் கன்டெய்ன்ஸ்' என்று இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளியை மருந்து அட்டையில் தேடாதீர்கள். அது உணவுக்கான சட்டம்.

அப்புறம் மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாம் வரும் மெத்தென்ற உருண்டை. அதற்கு மூடி கிடையாது. ஜெலட்டினோடு கிளிசரின் மாதிரி ஒன்றைச் சேர்த்து, எண்ணெயை உள்ளே வைத்தே அச்சில் ஒட்டிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சித்திரைத் திருவிழா வெயிலில், இந்த வகை டப்பாக்களைத் தகரக் கூரைக்குக் கீழே மேல் அலமாரியில் அடுக்கிவிட்டேன். மூன்று நாள் கழித்துத் திறந்தால் நூறு உருண்டையும் ஒட்டி ஒரே பேரீச்சம்பழக் கட்டி. சம்பளத்தில் பிடித்தார்கள்.

சரி, பிரித்துக் கொட்டலாமா? இது ஓட்டைப் பொறுத்ததில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வடக்கு மாசி வீதியிலிருந்து ஒரு அம்மா வருவார். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் எழுதியிருந்தார்கள். பதினைந்து நாள் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று வந்தார். விசாரித்தால், ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "உள்ள ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா இருந்துச்சு தம்பி, நுணுக்கித் தண்ணியில கலக்கிக் குடிச்சேன்" என்றார். அந்த மருந்துக்கு வயிற்று அமிலம்தான் எதிரி. அதிலிருந்து காப்பாற்றத்தான் ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனியாகப் பூச்சு போட்டிருக்கிறார்கள். குடலுக்குப் போன பிறகுதான் அது கரையும். ஓட்டை வீசியதால் வந்த நஷ்டம் பெரிதில்லை, நுணுக்கியதுதான் மருந்தைக் கெடுத்தது. மெல்ல மெல்ல மருந்தை விடும் கேப்சூலை நுணுக்கினால் இதைவிட மோசம். நாள் முழுவதும் சேர வேண்டியது ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்துவிடும்.

அதனால் உங்களுக்கு எழுதியிருப்பது என்ன மருந்து என்று தெரியாமல் தேனில் குழைக்கச் சொல்ல மாட்டேன். சைவம் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறைய மருந்துகள் சாதா மாத்திரையாகவும் சிரப்பாகவும் கிடைக்கின்றன. சீட்டு எழுதும்போதே மாற்றித் தந்துவிடுவார். கடையில் நாங்களாக மாற்ற முடியாது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இளைப்புக்குக் கொடுக்கும் ரோட்டாகேப்பும் கேப்சூல் மாதிரியேதான் இருக்கும். அதைக் கருவியில் போட்டு வாயால் இழுக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு டப்பா முழுவதையும் விழுங்கித் தீர்த்துவிட்டு, இளைப்பு குறையவே இல்லை என்று எங்களோடு சண்டைக்கு வந்தார். கருவியை மருமகள் ஷோகேஸில் வைத்திருந்தாராம்.

ஓடு தொண்டையில் ஒட்டுகிறது என்பவர்கள் அண்ணாந்து விழுங்கிப் பார்த்திருப்பார்கள். கேப்சூல் தண்ணீரில் மிதக்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு தாடையைக் கீழே இறக்கி, குனிந்தபடி விழுங்குங்கள், எளிதாக இறங்கும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்துவிடுங்கள். டாக்சிசைக்ளின் மாதிரி மருந்தை வறட்டு வாயில் போட்டு விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.