விளக்கை எந்த ராத்திரி அணைப்பது? – கொய்மலர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தேதி பற்றியவை. பூந்தோட்டக்காரருக்குப் பஞ்சாங்கம் ஒரு கையில் இருக்கவேண்டும் என்பது சும்மா இல்லை.

கேள்வி: தை முகூர்த்தத்துக்காகக் கால் ஏக்கரில், தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலர் சாமந்தி வைத்தோம். செடி முக்கால் அடி வளர்ந்ததுமே மொட்டு வந்துவிட்டது. பூ நன்றாக இருந்தும், தண்டு குட்டை என்று வியாபாரிகள் எடுக்கவில்லை. உரம் போதவில்லையா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: உரத்தைக் குறை சொல்ல வேண்டாம். இரவின் நீளத்தைப் பார்த்து மொட்டு வைக்கிற செடி சாமந்தி. கொய்மலர் ரகங்களில் பெரும்பாலானவை பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் குறைந்தாலே பூக்கத் தயாராகிவிடும். உங்கள் பக்கத்தில் ஆனி மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். வேர் பிடித்ததும் மொட்டுக்கு முந்திவிடுகிறது, தண்டு நீள நேரம் கிடைப்பதில்லை.

அதனால்தான் ராத்திரியில் விளக்கு. இரவு 10 மணி முதல் 2 மணி வரை எரியவிட்டால், நீண்ட ஓர் இரவு இரண்டு சிறிய இரவுகளாக உடைந்துபோகும். செடி மொட்டு வைக்காமல் உயர்ந்துகொண்டே போகும். செடியின் நுனியில் 70 முதல் 100 லக்ஸ் வெளிச்சம் போதும். அலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி உண்டு, தோராயமாக இருந்தாலும் உதவும். விளக்குக்கு நேர் கீழே அளந்து திருப்திப்படாதீர்கள். இரண்டு விளக்குகளுக்கு நடுவே அளவெடுங்கள்; குட்டைச் செடிகள் திட்டுத் திட்டாக வருவது அங்கேதான். மின்கட்டணம் கடிக்கிறது என்றால், அந்த 4 மணி நேரத்தில் அரை மணிக்கு 10 நிமிடம் எரிந்து 20 நிமிடம் அணையும்படி டைமர் வையுங்கள். செடிக்கு அதுவும் விடிந்தமாதிரிதான். ஆனால் மின்வெட்டால் தொடர்ந்து சில இரவுகள் இருட்டாகிவிட்டால் பட்டபாடு வீண். டைமருக்குப் பின்னால் இன்வெர்ட்டர் இருப்பது நல்லது.

இனி தேதி. விளக்கை நிறுத்தியதிலிருந்து அறுவடை வரை பல ரகங்களுக்கு 8 முதல் 9 வாரம். நாற்று வாங்கும்போதே இந்தக் கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி 25ஆம் தேதி வாக்கில் பூ வேண்டுமானால் நவம்பர் 25ஐ ஒட்டி விளக்கை அணைக்கவேண்டும். அதற்கு ஆறு வாரம் முன்பு, அக்டோபர் நடுவில் நடவு; நட்ட அன்றிரவே விளக்கு. இரண்டு வாரம் கழித்து நுனியைக் கிள்ளுங்கள். அணைக்கும் நாளில் பக்கக் கிளைகள் ஓர் அடி இருக்கவேண்டும். இல்லையென்றால் தேதியை விட்டுக்கொடுத்து இன்னும் ஒரு வாரம் விளக்கு எரியட்டும். குட்டைப் பூவை முகூர்த்தத்துக்குக் கொண்டுபோவதைவிட, நீளத் தண்டை முகூர்த்தம் கழித்துக் கொண்டுபோனால் நஷ்டம் குறைவு.

அணைத்த பிறகு இருட்டு முழு இருட்டாக இருக்கவேண்டும். தோட்டத்து ஓரம் தெருவிளக்கு இருந்தால் அந்த மூலை மட்டும் பூக்காமல் நிற்கும். நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு! கொத்துப்பூ ரகமென்றால் ஒவ்வொரு தண்டிலும் உச்சி மொட்டை மட்டும் எடுத்துவிட்டால் மற்றவை சேர்ந்து விரியும். ஒற்றைப் பெரிய பூ ரகத்தில் நேர் எதிர்: உச்சி மொட்டு இருக்கட்டும், பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் கிள்ளுங்கள்.

கேள்வி: பிப்ரவரி 14க்காக டிசம்பர் 20இல் ரோஜாவைக் கவாத்து செய்தோம் (கிளைகளை வெட்டிவிட்டோம்). பாதிப் பூ 14க்குப் பிறகுதான் வந்தது. எங்கே தவறு?
– வாசகி, ஓசூர்

பதில்: 14 உங்கள் தேதியே இல்லை, பூ வாங்கிக் கொடுப்பவர்களின் தேதி. பெங்களூரு வழியாகப் போகிற ஏற்றுமதிப் பூவை ஜனவரி கடைசி வாரமே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். உள்நாட்டு வண்டியும் பிப்ரவரி 10, 11க்குள் கிளம்பவேண்டும். தாஜ்மஹால் போன்ற சிவப்பு ரகங்களுக்குக் கவாத்திலிருந்து 50 நாள் என்று கணக்கு வையுங்கள். மார்கழிப் பனி கடுமையானால் 55ஐயும் தாண்டும். எனவே டிசம்பர் 5இல் தொடங்கி, நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று பங்காகப் பிரித்துக் கவாத்து செய்யுங்கள். குளிர் எப்படி ஆடினாலும் ஒரு பங்காவது சரியாக விழும். ஐந்து சிற்றிலை உள்ள தடித்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டு. பசுமைக்குடிலில் பக்கத் திரையை ராத்திரி முழுக்க இறுக்கி மூடிவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி அடிச்சாம்பல் நோய் வரும். காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஜெர்பரா வெட்டிய மறுநாளே கழுத்து மடிந்துவிடுகிறது.
– வாசகர், கோத்தகிரி

பதில்: மொட்டாகவே எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. நடு வட்டில் வெளிச்சுற்று இரண்டு வரிசையில் மகரந்தம் தெரியவேண்டும். அதற்கு முன் கழுத்து முற்றாது. கத்தியால் வெட்டாமல் அடியில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பிடுங்குங்கள். பிறகு தண்டின் அடிமுனையை 2 செ.மீ. நறுக்கி உடனே நீரில் நிறுத்துங்கள். வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவாவிட்டால் பாக்டீரியா தண்டை அடைத்து, நீர் மேலே ஏறாமல் கழுத்து தொங்கும்.

கேள்வி: சம்பங்கி மூன்றாவது ஆண்டாக நிற்கிறது. உதிரிப்பூவுக்கு விலை விழும் நாட்களில் தண்டாக விற்கலாம் என்றால், தண்டு வருடா வருடம் குட்டையாகிறது.
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, அதைச் சுற்றி முளைக்கும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்த தண்டைத் தரும். மூன்றாவது ஆண்டில் ஒரு குழியில் அவை அடித்துக்கொண்டு நிற்கின்றன. பெயர்த்தெடுக்க வேண்டிய காலம். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, தோண்டி, நிழலில் மூன்று நான்கு வாரம் உலர்த்துங்கள். 25 முதல் 30 கிராம் எடையுள்ள, நடு பருத்து முனை கூம்பிய கதிர் வடிவக் கிழங்கை மட்டும் எடுத்து, ஆனி ஆடியில் 45 செ.மீ. வரிசை, 20 செ.மீ. செடி இடைவெளியில், 2.5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். சின்னவற்றைத் தனிப் பாத்தியில் போட்டுவைத்தால் மறு ஆண்டு நாற்றாகும்.

தோண்டும்போது வேரைக் கவனியுங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த நிலத்தில் உடனே மறுநடவு வேண்டாம், தக்காளி கத்திரியும் வேண்டாம். ஒரு போகம் செண்டுமல்லி போட்டு மடக்கி உழுங்கள்.

ரகத்தையும் யோசியுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல், ஒற்றை இதழ் ரகம். உதிரிக்கும் தண்டுக்கும் ஆகும், உங்கள் யோசனைக்குப் பொருத்தம் அதுதான். தண்டு மட்டும் என்றால் அடுக்கு இதழ் கொண்ட சுவாசினி, வைபவ். அடியில் ஒன்றிரண்டு ஜோடி விரிந்த பிறகு, விடியலில் வெட்டுங்கள். அதற்கு முன் வெட்டினால், முக்கியமாக அடுக்குச் சம்பங்கியில், மேல் மொட்டுகள் விரியாமலே வாடும்.

கேள்வி: ஆள் பற்றாக்குறை. மல்லி, ஜாதிமல்லி, முல்லை மூன்றையும் ஒரே வாரத்தில் கவாத்து செய்துவிடலாமா?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: கூடாது. மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டுக்கும் 45 செ.மீ. மாதத்துக்கு ஒன்றாக வருவதால், இருக்கிற ஆட்களை வைத்தே மூன்றையும் முடித்துவிடலாம். மல்லிக்கு வெட்டிய கையோடு செடிக்கு 10 கிலோ தொழுவுரம் வையுங்கள்.