கடூரி வீட்டுப் பன்றிகள்

வாசகர் கேள்வி – பதில்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இருக்கும் மணிக்கூண்டை டச்சுக்காரர்கள் கட்டியதாக எங்கள் கைடு சொன்னார். சரியா ஐயா?
— வண்ணாமடை வாசகர்

இல்லை. அங்கே இருக்கும் யூதத் தொழுகைக்கூடம் 1568-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, மணிக்கூண்டு 1760-இல்தான். கட்டியவர் எசக்கியேல் ரஹபி என்ற கொச்சி யூத வியாபாரி. டச்சுக் கம்பெனிக்கு வியாபாரம் பார்த்துக் கொடுத்தவர் அவர், கைடு அங்கேதான் குழம்பியிருப்பார். அடுத்த தடவை போனால் அண்ணாந்து பாருங்கள், கடிகாரத்தின் ஒவ்வொரு முகத்திலும் எண்கள் வேறு வேறு எழுத்தில் இருக்கும்.

யூதப் பணக்காரர்கள் தங்கள் ஜனத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்று என் மச்சினன் அடித்துச் சொல்கிறான். வெளியாருக்கு அள்ளிக் கொடுத்தவர் யாராவது உண்டா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய கொழிஞ்சாம்பாறை வாசகர்

நிறையப் பேர் உண்டு. மச்சினனிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், கடூரி. பாக்தாத்தில் பிறந்து, ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் சம்பாதித்த குடும்பம். அண்ணன் எல்லிஸ், தம்பி எல்லி.

சொந்த ஜனத்துக்குச் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் 1938-இல் திறந்த பெரிய தொழுகைக்கூடத்துக்குக் கடூரி குடும்பத்துப் பணம்தான் கைகொடுத்தது. எல்லியின் மனைவி லாராவின் முன்னோர் போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள், அந்தப் பாசம். பாக்தாத்திலும் லாரா பெயரில் ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. யார்தான் சொந்தக்காரனை விட்டுவிட்டு ஊரானுக்குச் செய்வார்கள், நம்ம ஊர்ப் பண்ணைக்காரர் முதலில் குலதெய்வக் கோயிலுக்குத்தானே எழுதி வைக்கிறார்.

எல்லிஸ் விஷயம் வேறு. ஹாங்காங்கில் சீனப் பிள்ளைகளுக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தப் பணம் கொடுத்தவர் அவர். 1922-இல் இறந்தபோது பெரிய தொகை ஒன்றை, ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டு, பிரிட்டிஷ் அரசின் கையில் விட்டுவிட்டுப் போனார். பாலஸ்தீனத்திலோ மெசபடோமியாவிலோ (இன்றைய ஈராக்) பள்ளி கட்டுங்கள் என்பதுதான் உயில். யாருக்குப் பள்ளி? அதை அழுத்தமாக எழுதி வைக்கவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா, யூதர்கள் எங்களுக்கு என்றார்கள், அரபுகளையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள், இழுபறியில் வருஷங்கள் ஓடின. கடைசியில் பணத்தைப் பிரித்து, 1930-களின் தொடக்கத்தில் இரண்டு விவசாயப் பள்ளிகள் எழுந்தன. துல்கர்மில் அரபுப் பிள்ளைகளுக்கு ஒன்று, தாபோர் மலையடிவாரத்தில் யூதப் பிள்ளைகளுக்கு ஒன்று.

தாபோர் பள்ளியில் படித்தவர்தான் பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான யிட்சாக் ராபின். துல்கர்ம் பள்ளி வளர்ந்து இன்று பாலஸ்தீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது, பெயரோடு 'கடூரி' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் இத்தனை ரத்தம் ஓடிய பிறகும் ஒரு யூத வியாபாரியின் பெயரை அங்கே யாரும் அழிக்கவில்லை. உயிலை வக்கீல் இன்னும் கறாராக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த தலைமுறைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த கட்டம் இது. எல்லியின் மகன்கள் லாரன்ஸும் ஹோரஸும். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அகதிகள் ஹாங்காங்குக்குள் வந்து குவிந்தார்கள், அவர்களில் பலர் குடியானவர்கள். சகோதரர்கள் 1951-இல் ஒரு விவசாய உதவிச் சங்கம் தொடங்கி வட்டியில்லாக் கடன், விதை, கோழி, அதற்கு மேல் பன்றியும் கொடுத்தார்கள். ஆமாம், பன்றிதான்! யூதருக்கு ஆகவே ஆகாத பிராணி. சீனக் குடியானவனுக்குக் கைக்குப் பணம் தருவது எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும், கொடுப்பவன் வீட்டுப் பழக்கத்தை அவன் தலையில் கட்டக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்தில் கிடாரிக் கன்றை வாரத்துக்கு விடுவார்களே, அதில்கூட விடுபவருக்குப் பாதி போகும். இதில் அப்படிப் பங்கு எதுவும் கிடையாது.

ஹாங்காங்கில் தாய் மோ ஷான் மலையின் வடக்குச் சரிவில் பண்ணை ஒன்றும் வைத்தார்கள். ஒன்றும் விளையாது என்று விட்டுப்போன சரிவை அடுக்கடுக்காக வெட்டிப் பயிர் வைத்துக் காட்டினார்கள். ஓய்வு பெற்று நேபாளத்துக்குத் திரும்பும் கூர்க்கா சிப்பாய்களுக்கும் அங்கே விவசாயப் பயிற்சி நடந்தது. இப்போது அது தாவரவியல் தோட்டம், யாரும் போய்ப் பார்க்கலாம். மச்சினனுக்கு வழி சொல்லிவிடுங்கள், டிக்கெட் செலவு அவருடையது.

புனே சஸ்ஸூன் ஆஸ்பத்திரியும் யூதர் கட்டியதுதானா?
— சித்தூர் வாசகர், பாலக்காடு

ஆமாம். டேவிட் சஸ்ஸூன், இவரும் பாக்தாத்காரர். 1832-வாக்கில் பம்பாய்க்கு வந்து நிலைத்தவர், 1864-இல் புனேயில் காலமானார். அவர் கொடுத்த பணத்தில் எழுந்த ஆஸ்பத்திரி 1867-இல் திறந்தது, இன்றும் ஏழை ஜனம் நம்பிப் போகும் அரசு ஆஸ்பத்திரி அதுதான். கடூரி அண்ணன் தம்பி எல்லிஸும் எல்லியும் முதலில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததும் சஸ்ஸூன் குடும்பத்துக் கம்பெனியில்தான். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சஸ்ஸூன் வீட்டுச் சம்பாத்தியத்தில் பருத்திக்கு ஈடாக அபினும் இருந்தது, சீனாவுக்குக் கப்பல் கப்பலாகப் போன அபின். அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, பார்சி வியாபாரிகளும் வெள்ளைக்காரர்களும் அதையே செய்தார்கள். அதற்காக ஆஸ்பத்திரியின் பெயரை மாற்றச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன், ஆனால் வாசலில் இருக்கும் கல்வெட்டைப் படிக்கும்போது அபினும் ஞாபகத்தில் இருக்கட்டும்.