மாண்டிசோரி பள்ளியில் சேர்க்கும் முன்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டரை முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளோடு இருபது வருடங்களுக்கு மேலாக மாண்டிசோரி வகுப்பில் இருக்கிறேன். குழந்தை தானே உபகரணங்களை எடுத்து, கையால் வேலை செய்து கற்கிற முறை இது. அட்மிஷன் நேரம் என்பதால் ஒரே வாரத்தில் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஏரியாவில் நான்கு பள்ளிகளின் போர்டில் மாண்டிசோரி என்று இருக்கிறது. ஃபீஸ் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். எதை நம்புவது? (வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா)

போர்டை நம்பாதீர்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் பள்ளியைத் திறந்தார். தன் முறை நீர்த்துப்போகக் கூடாது என்று 1929ல் ஏ.எம்.ஐ. (அசோசியேஷன் மாண்டிசோரி இன்டர்நேஷனல்) என்ற சர்வதேச அமைப்பையும் தொடங்கினார். பெயரை அவர்களாலும் பூட்டிவைக்க முடியவில்லை.

அதனால் ஃபீஸ் பற்றிக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "என் குழந்தையோடு தினமும் இருக்கப்போகிற ஆசிரியர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார்?" முதல்வர் அறையில் மாட்டியிருக்கும் சான்றிதழால் உங்கள் குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை. வகுப்பில் நிற்பவருக்குப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு உபகரணத்தையும் கையில் எடுத்துப் பழகி, குழந்தைகளை மணிக்கணக்கில் கவனித்து எழுதி, தேர்வும் எழுதியவர் ஒரு ரகம். இரண்டு வார இறுதிகளில் ஆன்லைனில் முடித்தவர் வேறு ரகம்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்? (கோவையிலிருந்து ஓர் அப்பா)

சுற்றிப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். வகுப்பு நடக்கும்போது, காலையில், ஒரு மூலையில் ஒரு மணி நேரம். நல்ல பள்ளி என்றால் ஒரு நாள் குறித்துக் கொடுத்து, "பேசாமல் உட்காருங்கள், குழந்தை ஏதாவது கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்" என்பார்கள். மாலையில் காலியான வகுப்பைக் காட்டி அனுப்பினால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் வேறு இடம் தேடலாம்.

உள்ளே போனதும் ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தால் நல்ல அறிகுறி. யாராவது ஒரு குழந்தையின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு குழந்தை பாயை விரித்து வேலை செய்யும், இன்னொன்று தண்ணீர் ஊற்றிப் பழகும், மூன்றாவது சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். வேடிக்கை பார்ப்பதும் வேலைதான். இந்தக் காலை வேளை ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணியடித்து உடைக்கப்படாமல் ஓட வேண்டும். அரை மணிக்கு ஒரு பீரியட், நடுவில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ரைம்ஸ் என்றால், அலமாரியில் என்ன உபகரணம் இருந்தாலும் அது சாதாரண எல்.கே.ஜி.தான்.

அலமாரிக்குப் போங்கள். குழந்தையின் கைக்கு எட்டுகிறதா? ஒவ்வொரு உபகரணத்திலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா? இது சிக்கனம் இல்லை. அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருக்கக் குழந்தை அங்கேதான் கற்கிறது. அப்புறம் பிங்க் டவரைப் பாருங்கள். பத்து சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு சென்டிமீட்டர் வரை பத்து கனசதுரங்கள். நான் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்தக் கடைசிச் சின்னக் கட்டையைத்தான் முதலில் தேடுவேன். எளிதில் தொலைவது அதுதான். அது பத்திரமாக இருந்தால், அந்த வகுப்பில் பொருளைத் திருப்பி வைக்கிற பழக்கமும் கவனிக்கிற ஆளும் இருக்கிறார்கள். பெயின்ட் புதிதாக, தூசி படிந்து, எல்லாமே முழுசாக இருந்தால் யாரும் தொடவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். அதையும் பாருங்கள்.

இன்னொன்று: ஏதாவது சிந்தும்வரை காத்திருங்கள். எங்கள் வகுப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன் ஜக்கிலிருந்து தம்ளருக்கு ஊற்றும்போது தட்டு முழுக்கத் தண்ணீர் வழிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை. தானே எழுந்துபோய் ஸ்பான்ஜ் எடுத்துவந்தான், ஒற்றினான், பிழிந்தான், மறுபடி ஒற்றினான். பத்து நிமிடம் ஆனது. அப்புறம் திரும்பவும் ஊற்ற உட்கார்ந்தான். வேறோர் இடத்தில் இதே நேரத்தில் ஓர் ஆயா ஓடிவந்து துடைத்துவிட்டு, "கையைக் கட்டி உட்கார்" என்பதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்கப்போன விஷயம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

மூன்று வயதையும் ஐந்து வயதையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்களே, பெரியவர்கள் அடிக்க மாட்டார்களா? (திருச்சி)

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சின்னவள் பெரியவளைப் பார்த்துக் கற்கிறாள். பெரியவள் ஷூ லேஸ் கட்டிவிடும்போது தான் கற்றது இன்னும் உறுதியாகிறது. அடிதடி வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆசிரியர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெயருக்கு மாண்டிசோரி என்று சொல்லிக்கொண்டு ப்ரீ.கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. எனத் தனித்தனி அறை வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை எழுதுகிறது. என் மகள் நான்கு வயதில் இன்னும் பென்சிலே பிடிக்கவில்லை. மாமியார் தினமும் கேட்கிறார். (மதுரை)

உங்கள் கவலை புரிகிறது அம்மா. அவள் உப்புத்தாள் எழுத்தை (சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து) விரலால் தடவுவதும், குழிக்குள் பொருத்தும் உருளைக் கட்டைகளின் சின்னக் குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்குவதும் பென்சிலுக்கான தயாரிப்புதான். அந்தக் கை தயாரானதும் எழுத்து வரும். எண்ணும் அப்படித்தான். எங்களிடம் தங்க மணிகள் உண்டு: ஒரு மணி ஒன்று, பத்து மணி கோர்த்த கம்பி, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். ஆயிரத்தை இரண்டு கையாலும் தூக்கி வருகிற குழந்தைக்கு அது பத்தைவிட எவ்வளவு பெரியது என்பது உடம்பிலேயே தெரியும். ஒரு நாள் மாமியாரையும் பள்ளிக்குக் கூட்டிப்போய் அந்த மணிகளைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ் சொல்லித் தருவார்களா, ஆங்கிலம் மட்டுமா? (தஞ்சாவூர்)

இதை ஏன் யாருமே கேட்பதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. மிக முக்கியமான கேள்வி. குழந்தை வீட்டில் பேசும் மொழியின் ஒலிகளிலிருந்து தொடங்குவதே இந்த முறைக்கு இயல்பு. "தமிழ் உப்புத்தாள் எழுத்துகள் இருக்கின்றனவா?" என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக மீதி 216ம் உயிர்மெய். குறிகளைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை வந்துவிடும். சிக்கல் 'கெ', 'கொ' போன்ற இடங்களில்தான். காதில் 'க்' முதலில் வருகிறது, தாளில் கொம்பு முன்னால் நிற்கிறது. பயிற்சி உள்ள ஆசிரியர் அதை அவசரப்படுத்தாமல் கடைசியில் எடுப்பார்.

இத்தாலிக்காரர் முறை நம் ஊருக்கு ஒத்துவருமா? (சேலம்)

அவர் நம் ஊரிலேயே இருந்தவர். 1939ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாடாகிவிட்டதால் 1940ல் மரியோவைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அந்த ஆகஸ்ட் 31, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி விடுவித்தார்கள். அப்புறம் கொடைக்கானலிலும் இருந்து பெரிய குழந்தைகளுக்கான பாடத்தை வளர்த்தார்கள். 1946 வரை அவர் பெரும்பாலும் இந்தியாவில்தான் இருந்தார், ஏராளமான ஆசிரியர்களைத் தயார்செய்தார். இந்த முறையின் ஒரு பகுதி நம் மலையில் உருவானது.

ஒன்றாம் வகுப்புக்கு சாதாரணப் பள்ளிக்கு மாற்றினால் தடுமாறுவானா? (திருநெல்வேலி)

சில வாரம் தடுமாறுவான். மணியடித்ததும் பாதியில் வேலையை நிறுத்துவது அவனுக்குப் பழக்கமில்லை. ஆனால் நடுவில் எடுக்காதீர்கள். இந்த வகுப்பு மூன்று வருடம்; மூன்றாவது வருடத்தில்தான் முதல் இரண்டு வருடத்தில் விதைத்தது முளைக்கும். "யு.கே.ஜி.க்குப் பெரிய பள்ளியில் சீட் கிடைத்துவிட்டது" என்று அந்த வருடம் கூட்டிப்போகும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும்.

அவ்வளவு ஃபீஸ் எங்களால் முடியாது. உபகரண செட் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா? (வேலூர்)

செட் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை, அதில் அவள் தம்ளர், தட்டு, சின்னத் துடைப்பம், ஒரு துணி. பட்டாணி உரிக்க, பூ தொடுக்கும்போது காம்பு எடுத்துக்கொடுக்க, துணி மடிக்கக் கூப்பிடுங்கள். ஒரு முறை மெதுவாக, பேசாமல் செய்து காட்டுங்கள். பிறகு கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணி கீழே உருளும். அவளே பொறுக்கட்டும்.