மாதம் 210 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, செலவு மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: திருச்சி கே.கே. நகரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு முன், 35,000 கிலோமீட்டர் ஓடியிருந்த பி.எஸ்.6 டீசல் எஸ்.யூ.வி. ஒன்றைக் கடனில் வாங்கினோம். இ.எம்.ஐ. 15,400 ரூபாய், இன்னும் 34 மாதம் இருக்கிறது, பாக்கி சுமார் நாலரை லட்சம். இரண்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளியில் மகளைக் காலையில் விட்டு வரவும் மாலையில் கூட்டி வரவும்தான் வண்டி எடுக்கிறோம். மதுரையில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் மாதம் ஒரு முறை வந்து வண்டியை எடுத்துப்போய்ப் புழுதியோடு கொண்டுவந்து விடுவார். வண்டி வீணாகிறது என்று சண்டை போட்டு, எட்டு மாதத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதமே ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. நாலு மாதத்துக்கு முன் பேட்டரி, ஆயில், ஃபில்டர் சுத்தம் என்று 31,000 ரூபாய் ஆனது. கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ.யாக மாற்றியிருக்கிறோம். இப்போது மறுபடியும் விளக்கு எரிகிறது. டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியை மாற்ற வேண்டும், 1,15,000 ரூபாய் என்கிறார்கள். அதற்குப் பதில் இதை 5.2 லட்சத்துக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுத்து, நகையை வைத்து 3 லட்சம் போட்டு, 12 லட்சம் கடனில் புது எலெக்ட்ரிக் கார் எடுக்கலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நகையை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கொழுந்தனாரின் மதுரைப் பயணம் நின்ற அடுத்த மாதம் விளக்கு எரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வண்டியைக் கெடுத்தது அவர் மாதம் ஒரு முறை மதுரை போய் வந்த 270 கிலோமீட்டர் அல்ல, நீங்கள் தினமும் ஓட்டுகிற இரண்டு கிலோமீட்டர்.

கடன், பட்ஜெட் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கணக்கைத் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'குறைவாக ஓடுகிறது, அதனால் குறைவாகத் தேய்கிறது' என்று நம்பி வருகிறீர்களே, அங்கேதான் பணம் ஒழுகுகிறது.

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது 2020 ஏப்ரலில். அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. டீசல் எரியும்போது வரும் கரி அதில் தங்கும். தங்கிய கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குப் புகை சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். அந்தச் சூட்டில் பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பள்ளிக்குப் போக எட்டு நிமிடம், வாசலில் ஆஃப், திரும்பி வர எட்டு நிமிடம் என்றால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? சுத்தம் செய்ய ஆரம்பிக்கும்போதே சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். கரி சேர்ந்துகொண்டே போகிறது. மாதம் ஒரு முறை மதுரைச் சாலையில் வண்டி ஓடியபோது அது எரிந்து போய்க்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியாமலே கொழுந்தனார் அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்.

இதோடு முடியவில்லை. கரியை எரிக்கச் சூடு ஏற்றுவதற்காக எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பாதியில் ஆஃப் செய்தால் அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். குறையவில்லையே என்று திருப்திப்பட வேண்டாம், டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் எஞ்சினைக் காப்பாற்றாது. அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது வெளியே போய்விடும். ஆறிய எஞ்சினில் அப்படியே படிந்து, ஆயிலோடு சேர்ந்து களிம்பாகும், சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். பேட்டரி கதையும் இதுதான். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை எட்டு நிமிட ஓட்டத்தில், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்க நேரம் போதாது. உங்கள் பேட்டரி சீக்கிரமே போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

காலையில் போர்டிகோவிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சினுக்குப் போதுமான சூடு வராது, கரி மட்டும்தான் கூடும்.

வண்டியோடு வந்த கையேட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்திலேயே 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். மலைப்பாதை, புழுதிச் சாலை ஆகியவற்றோடு, அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவதையும் அதில் சேர்த்திருப்பார்கள். அப்படி ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். நீங்களோ பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருந்திருப்பீர்கள். பள்ளிக்கு ஓடியது, கொழுந்தனார் ஓட்டியது எல்லாம் சேர்த்தாலும் இரண்டு வருடத்தில் 9,300 கிலோமீட்டர்தான். நாலு மாதத்துக்கு முன் மாற்றியதுதான் இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒரே ஆயில் மாற்றம் என்றால், ஏறத்தாழ இருபது மாதம் பழைய ஆயிலில் ஓடியிருக்கிறது. 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ' என்ற வரியில் பின்பாதிதான் உங்களுக்கானது.

சரி, கணக்குக்கு வருவோம். நாளைக்கு நாலு நடை, நடைக்கு இரண்டு கிலோமீட்டர், 26 நாள். மாதம் சுமார் 210 கிலோமீட்டர். ஆறிய எஞ்சினில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் வந்தால் டீசல் ஏறக்குறைய 1,950 ரூபாய். இ.எம்.ஐ. 15,400. இன்சூரன்ஸ் மாதத்துக்கு 2,000 என்று வையுங்கள். அந்த 31,000 ரூபாயை வண்டி வாங்கிய 24 மாதத்துக்குப் பிரித்தால் 1,300. மொத்தம் 20,650 ரூபாய். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 ரூபாய். பள்ளிக்கு ஒரு நடைக்கு 200 ரூபாய். ஆட்டோக்காரர் நடைக்கு 60 ரூபாய் கேட்டாலும் 104 நடைக்கு 6,240 ரூபாய்தான். வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் இன்னும் குறையும். குறுகிய ஓட்டம் அதற்கும் நல்லதல்ல. ஆனால் அதற்குத் தேவை ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில், செலவு சில நூறு ரூபாய்.

இப்போது எலெக்ட்ரிக் கார். குறுகிய ஓட்டம் அதன் மோட்டாரைக் கெடுக்காது என்பது உண்மை. உங்கள் கணவர் சொல்வதில் அந்தப் பாதி சரி. மறுபாதியைப் பாருங்கள். 12 லட்சம், ஏழு வருடம், ஒன்பதரை சதவீத வட்டி என்றால் இ.எம்.ஐ. சுமார் 19,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 4.45 லட்சத்தைத் தாண்டும். நகைக்கடன் 3 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றாலே வருடம் 27,000. டீசலுக்கும் கரண்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் நீங்கள் மிச்சம் பிடிப்பதோ மாதம் 1,700 ரூபாய், ஏழு வருடத்தில் ஒன்றே முக்கால் லட்சம்கூட வராது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். 210 கிலோமீட்டருக்காகத் தாலிச் செயினை அடகு வைப்பதை என்னால் ஏற்க முடியாது. ஷோரூமில் இ.எம்.ஐ. தொகையைச் சொல்வார்கள், ஏழு வருடம் என்பதை மெதுவாகச் சொல்வார்கள்.

அந்த 1,15,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்கும் உடனே தலையாட்ட வேண்டாம். டி.பி.எஃப். பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி உழைக்கிற பாகம், உங்கள் வண்டி 45,000-ஐக்கூடத் தொடவில்லை. வடிகட்டியில் இரண்டு வகையாகச் சேரும். ஒன்று கரி, அதை எரிக்கலாம். மற்றது சாம்பல், அது எரியாது, மெல்ல மெல்லத்தான் சேரும். இந்த ஓட்டத்துக்கு உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கரிதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கரி அளவு என்ன, வடிகட்டியின் இரு பக்க அழுத்த வித்தியாசம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வேறொரு சர்வீஸ் சென்டரிலும் காட்டுங்கள். கருவி வைத்து எரித்துச் சுத்தம் செய்ய முடியுமா, கழற்றிக் கழுவ முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். சுத்தம் செய்த கையோடு ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள், நாலு மாதம்தானே ஆகிறது என்று விட்டுவிட வேண்டாம். அதுவரை விளக்கு எரிய எரிய ஓட்டாதீர்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி தவறு, புகை ஊருக்கு, விற்கும்போது மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் எஞ்சினில் கரி நீக்கும் டீகார்பனைசிங், ஆயிலில் ஊற்றும் மருந்து, வருடாந்திர பேக்கேஜ் என்று வரிசையாக நீட்டுவார்கள். எதுவும் வேண்டாம். இன்சூரன்ஸில் 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்த்தால் இதெல்லாம் கவர் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது போன்ற சேதத்துக்கானது. தேய்மானத்துக்கும் கரி அடைப்புக்கும் கிடைக்காது.

சரியானதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் விராலிமலை வரை போய் வாருங்கள். போக முப்பது, வர முப்பது கிலோமீட்டர், நாலுவழிச் சாலையில் ஒரே சீரான வேகம். மகளுக்கு முருகனும் மயிலும், வண்டிக்குச் சூடு. மற்ற நாளில் பள்ளிக்கு ஸ்கூட்டர் அல்லது ஆட்டோ. மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு போக முடியவில்லை, இரண்டு கிலோமீட்டருக்குத்தான் கார் வேண்டும் என்று தோன்றினால், விளக்கு அணைந்த நிலையில் வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். விளக்கு எரியும் வண்டிக்கே 5.2 லட்சம் சொல்கிறார்கள், சரிசெய்த வண்டிக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். கையில் நிற்கும் பணத்துக்குள் ஒரு பழைய பெட்ரோல் சின்ன கார் கிடைத்தால் போதும், கடன் வேண்டாம். கார் இல்லாமலே ஒரு வருடம் இருந்து பார்த்தாலும் தவறில்லை. முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்று வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டில் இருக்கும் பாக்கியை, அடுத்து வரும் போனஸோ சீட்டுப் பணமோ எதுவானாலும் போட்டு முதலில் முடியுங்கள். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு கட்டுகிறீர்கள்.

கொழுந்தனாரிடம் நீங்களே பேசுங்கள். உங்கள் கணவர் மூலமாக வேண்டாம், சண்டை போட்டது நீங்கள் என்பதால். மாதம் ஒரு முறை வண்டியை எடுத்துப் போகட்டும். டேங்கை நிரப்பி, கழுவிக் கொண்டுவந்து விட வேண்டும், டோலும் அவர் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.