பூங்காவில நட்ட மரம் ஏன் பட்டுப்போகுது?

கேள்வி: அண்ணை, எங்கட பூங்காவில வருசாவருசம் மரம் நடுகினம், ஆடிக்குள்ள எல்லாம் பட்டுப்போகுது. என்ன செய்யலாம்? (வாசகி, நல்லூர்)

பதில்: தங்கச்சி, எப்ப நடுறம் எண்டதுதான் விசயம். எங்கட யாழ்ப்பாணத்தில பெருமழை ஐப்பசி கார்த்திகையில, அதுக்குக் கொஞ்சம் முன்னம் வேம்பு, புங்கை, இலுப்பை எண்டு நட்டா மழையோட வேர் பிடிச்சிடும், பங்குனியில நட்டா சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்கிற மெல்லிய மண் கெதியாக் காய்ஞ்சிடும். போன கிழமை ஒரு பூங்காவில பாத்தன், அடிமரத்தை ஒட்டியே சீமெந்துக்கல்லுப் பதிச்சிருக்கினம், தண்ணி இறங்க ஒரு விரல் இடைவெளி இல்லை, மனசு நொந்துபோச்சு. சுத்திவர ரெண்டு முழமாவது மண்ணை விடச்சொல்லுங்கோ, பாத்தி கட்டி, கூட்டுற சருகை எரிக்காம அதுக்குள்ளயே போடுங்கோ. முதல் ரெண்டு கோடைக்கும் பவுசரில, அதுதான் தண்ணி வண்டியில, வாற தண்ணிக்கு ஆர் பொறுப்பு எண்டு நடமுன்னமே மாநகரசபையிட்ட எழுத்தில வாங்குங்கோ.