அனுமதி வாங்காமல் சுவரில் வரைவது கலையா, குற்றமா?

உங்களுக்குத் தெரிந்த யாரோ எங்கேயோ வரைந்து மாட்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் சுவர் எழுதுபவரின் மகள். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அப்பாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சுவர் விளம்பர வேலை. சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலந்து வெள்ளையடிப்பார். நீலப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் கோடு விழும். மறுமுனையைப் பிடிப்பது நான். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது ஊர் ஊராகப் போய் எழுதினார். ஒரு சாயங்காலம் அவர் 'பட்டா' என்று எழுதி முடிக்க, களையெடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா தலைச்சுமையை இறக்காமலே நின்று 'ப... ட்... டா' என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்பா பிரஷைக் கழுவக்கூட மறந்து நின்றார்.

அப்புறம் ஒரு கோடையில் மூன்று மாதமாக எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. அப்பா யாரையும் கேட்காமல் மேல்நிலைத் தொட்டியின் தூணில் 'தொட்டியும் காலி, குடமும் காலி' என்று எழுதி, கவிழ்ந்த குடம் ஒன்றையும் வரைந்தார். மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அழிக்க வைத்தார்கள். அதே தூணின் மறுபக்கம் ஒரு கட்சிச் சின்னம். அதுவும் அப்பா எழுதியதுதான், அதற்கும் அனுமதி கிடையாது. அதை அழிக்கச் சொல்லவில்லை.

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959-லேயே இங்கே சட்டம் இருக்கிறது, தெரியும். ஆனால் எந்தச் சட்டமானாலும் யார் மேல் பாய்கிறது? 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கோலம்! ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அதில் என்ன கெட்டுப்போனது?

'அப்படியானால் சித்தன்னவாசலில் பெயர் கிறுக்குகிறவனும் கலைஞனா?' என்று கேட்க வராதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியத்தின் மேல் கை வைப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சுவரையும் கேட்காமல் தொடக்கூடாது, அப்பா தொட்டதில்லை. ஊர்ப்பணத்தில் கட்டிய தூணில் ஊர்க்குறையை எழுதுவதைத்தான் சொல்கிறேன்.

கேட்காமல் தொடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டு மதிலில் வாரம் தவறாமல் டியூஷன் சென்டர் போஸ்டர். ஒட்டியவர்களிடம் போன் போட்டுக் கேட்டால் 'விளம்பரம்தானேம்மா' என்கிறார்கள். அந்த மதிலில் வீட்டுப் பெயரை எழுதியது அப்பா, அவர் கடைசியாக எழுதியது அதுதான். இன்று காலை போஸ்டரைக் கிழித்தபோது 'இல்லம்' என்பதில் பாதி பசையோடு வந்துவிட்டது.